17 நாள், நான்கு பிரேக் ஷூ, இடம் மாறிய இரண்டு அட்ஜஸ்டர்

என் காரின் பின்சக்கர பிரேக் ஷூவை நானே மாற்றிவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை காலையில் ஜாக்கியை எடுத்து வைத்தேன். இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. வண்டியை மனசாற நம்பி ஓட்ட முடிந்தது 17-ஆம் நாளில்தான். மெக்கானிக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடிக்க நினைத்த கூலியைப் போல இரண்டரை மடங்கு செலவாகிவிட்டது. அதில் பாதிக்கு மேல், கெட்டுப்போகாத ஒரு பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிய பணம். பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன். மகள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தபோது பிரேக் மிதி காலுக்குக் கீழே இறங்கிப்போன அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு, நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது பிரேக் ஆயில் குறைந்ததுதான். முன்னால் இருக்கும் டப்பாவில் ஆயில் மட்டம் இரண்டு வாரத்தில் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தால் வலது பின்சக்கரத்தின் உள்பக்கம் டயரில் ஈரக் கறை. என் வண்டி முன்சக்கரத்தால் இழுபடுவது, பின்னால் கியர் ஆயிலுக்கோ ஆக்சில் ஆயிலுக்கோ வேலையே இல்லை. அதனால் ஈரம் என்றால் அது சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் இருந்து, ஆயில் அழுத்தத்தால் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டரிலிருந்து வருவதாகத்தான் இருக்க வேண்டும். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. அவர்களுக்கு ஆக்சில் சீல் போயும் இதே இடம் நனையலாம், வாசனையும் பிசுபிசுப்பும் வேறாக இருக்கும். ஆயில் குடித்த ஷூவைத் துடைத்துவிட்டு மறுபடி போடவும் முடியாது. மேலே துடைத்தாலும் சூடேறும்போது உள்ளே ஊறிய ஆயில், டிரம்மில் உரசுகிற லைனிங் பட்டையின் முகத்துக்கு வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் புது ஷூ போட்டால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆக, இரண்டு பக்கத்துக்குமாக நான்கு ஷூ, இரண்டு வீல் சிலிண்டர், ஸ்பிரிங் செட் என்று வாங்கினேன். இதுவரைக்கும் நான் செய்ததில் தப்பு எதுவும் இல்லை.

வண்டியைத் தூக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. பின் டிரம் கழற வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டும். வழக்கமாக வண்டி உருளாமல் பிடித்துக்கொள்வது எதுவோ, அதை நாமே எடுத்துவிட்டு வேலை செய்கிறோம் என்று அர்த்தம். சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தேன். சக்கர நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொண்டேன். ஜாக்கியால் தூக்கியதும் ஸ்டாண்ட் வைத்து அதன்மேல் வண்டியை இறக்கி, கையால் நன்றாக ஆட்டிப் பார்த்தேன். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டேன். ஸ்டாண்ட் சரிந்தாலும் நமக்கும் வண்டிக்கும் நடுவில் அந்த டயர் இருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

வலது டிரம் அசையவே இல்லை. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். மரக்கட்டை வைத்து அடித்தேன். பொறுமை போய் விளிம்பில் நேராக ஓங்கி அடித்தபோது ஒரு துண்டு தெறித்து விழுந்தது. டிரம் வார்ப்பிரும்பு, வளைந்து கொடுக்காது, உடையத்தான் செய்யும். இரண்டு மணி நேரம் இப்படிப் போன பிறகுதான் டிரம்மின் முகத்தில் எதிரெதிராக இரண்டு சின்ன ஓட்டைகள் இருப்பதையும், அவற்றுக்குள் மரை ஓடுவதையும் கவனித்தேன். அந்த ஓட்டைகள் இருப்பதே இதற்காகத்தான். பொருத்தமான போல்ட் இரண்டை அதில் முடுக்கி, இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினால், போல்ட்டின் முனை பின்னால் சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில் முட்டி டிரம்மை வெளியே தள்ளிவிடும். பல வண்டிகளில் இது 8 மில்லிமீட்டர் போல்ட், உங்கள் வண்டிக்கு என்னவென்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் டிரம் பாதி வந்து நின்றது. பழைய டிரம்மில் ஷூ உரசிக் குழிந்த இடத்துக்கும் உரசாத ஓரத்துக்கும் இடையே ஒரு வரம்பு எழும்பியிருக்கும். அந்த வரம்பு ஷூவைப் பிடித்துக்கொள்கிறது. டிரம்முக்குப் பின்னால் ஷூவைத் தாங்கும் பின்தகட்டில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை வழியாக ஸ்குரூ டிரைவரை விட்டு, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, ஷூவை உள்ளே ஒடுங்க வைத்ததும்தான் டிரம் வந்தது. டிரம்மில் அதிகபட்ச உள்விட்டம் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். என்னுடையது அந்த அளவுக்குள் இருந்தாலும், விளிம்பு உடைந்துவிட்டதால் இரண்டு பக்கமும் புதிது வாங்க வேண்டியதாயிற்று. கையேட்டை இரண்டு நிமிடம் புரட்டியிருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது.

உள்ளே கரித்தூள் மாதிரி பிரேக் தூசி அப்பிக் கிடக்கும். அதை வாயால் ஊதக் கூடாது, காற்றடித்தும் விரட்டக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்குள் போனால் அது திரும்பி வராது. பிரேக் கிளீனரைத் தெளித்து நனைத்து, கீழே தட்டு வைத்து வழியவிட்டு, துணியால் துடைத்து அந்தத் துணியை அப்படியே பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். மூக்கு மூடியும் கண்ணாடியும் கண்டிப்பாக வேண்டும். கண்ணாடி தூசிக்கு மட்டுமல்ல. முதல் ரிட்டர்ன் ஸ்பிரிங்கைக் கொறடால் இழுத்தபோது அது வழுக்கித் தெறித்து என் கன்னத்தில் பட்டது. இரண்டு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை 17 நாள் அலைய வைத்த விஷயம். வலது பக்கத்தைக் கழற்றியதும் கை சூடாக இருக்கிறது, சாமான் எல்லாம் வெளியே கிடக்கிறது, இடதையும் இப்போதே கழற்றிவிட்டால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவிவிடலாமே என்று தோன்றியது. கழற்றினேன். ஷூ, ஸ்பிரிங், வீல் சிலிண்டர் எல்லாம் புதிது, பழைய ஷூவோடு இருக்கும் ஹேண்ட் பிரேக் லீவரை விட்டால், பழையதில் திரும்பப் போடுவது அட்ஜஸ்டரும் அதைச் சுற்றுகிற லீவரும் மட்டும். லீவர்களைப் பார்த்தாலே எது எந்தப் பக்கம் என்று தெரிந்தது. அட்ஜஸ்டர் அப்படி இல்லை. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி. அந்த நான்கு சாமானையும் ஒரே தட்டில் போட்டு, துரு போகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்தேன். கழற்றுவதற்கு முன் போன் கேமராவில் பத்துப் பதினைந்து படம் எடுத்திருந்தேன், அந்த தைரியம் வேறு. ஆனால் அழுக்கும் நிழலுமாக இருந்த அந்தப் படங்களில் எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்பதே சரியாகத் தெரியவில்லை, அட்ஜஸ்டரின் மரை எங்கே தெரியப்போகிறது? ஒரு பக்கத்தை முழுக்கக் கழற்றி மாட்டி முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். தொடாமல் விட்ட பக்கத்தைப் போல வழிகாட்டும் படம் வேறு இல்லை. அது கண்ணாடி பிம்பம் மாதிரி இடம் வலம் மாறித் தெரியும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

வீல் சிலிண்டரைக் கழற்றும்போது பிரேக் பைப் நட்டுதான் சோதனை. வருடக்கணக்கில் துருவேறி இறுகியிருக்கும், பைப்பும் மெல்லியது. சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கும், அதற்கும் மேலே பலம் கொடுத்தால் பைப் முறுக்கிக்கொண்டு உடையும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊற வைத்திருந்தேன். பைப் நட்டுக்கென்றே ஒரு பக்கம் மட்டும் திறந்த ரிங் ஸ்பேனர் உண்டு, அதையும் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் சேதமில்லாமல் வந்தது. புது சிலிண்டரை மாட்டும்போது ஒரு முறை இருக்கிறது. சிலிண்டரின் போல்ட்டை இறுக்குவதற்கு முன்பே பைப் நட்டை விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றிவிடுங்கள். சிலிண்டர் கொஞ்சம் ஆடினால்தான் நட்டு நேராக மரையில் உட்காரும். போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டு நட்டை ஸ்பேனரால் திணித்தால் மரை குறுக்கே ஏறி, புது சிலிண்டர் வீணாகிவிடும்.

மாட்டுகிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்தகட்டில் ஷூவின் ஓரம் உரசுகிற மேடுகள் இருக்கும், அவற்றில் மட்டும் சூடு தாங்கும் பிரேக் கிரீஸைப் பொட்டு வைப்பதுபோல வைக்க வேண்டும். லைனிங்கில் கிரீஸ் விரல் படவே கூடாது. ஹேண்ட் பிரேக் லீவரைப் பழைய ஷூவிலிருந்து புது ஷூவுக்கு மாற்றுவது சின்ன வேலை, ஆனால் அந்த லாட கிளிப் தெறித்துப் புல்லில் விழுந்து முக்கால் மணி நேரம் தேடினேன். கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். டிரம்மை ஏற்றுவதற்கு முன் அட்ஜஸ்டரைச் சுருக்கி வைத்து, ஏற்றியபின் சக்கரத்தைச் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் கேட்கிற அளவுக்கு விரித்தேன். ஞாயிறு மதியம் ஆகிவிட்டது.

குழாயைக் கழற்றியதால் உள்ளே காற்று போயிருக்கும், ஏர் எடுத்தாக வேண்டும். தம்பியை வரவழைத்து மிதியில் உட்கார வைத்தேன். "மிதிடா" என்பேன், "மிதிச்சாச்சுக்கா" என்பான், வீல் சிலிண்டரில் காற்று எடுப்பதற்கென்று இருக்கும் நிப்பிளைத் திறப்பேன், குமிழியோடு ஆயில் டியூபில் ஓடும், மூடுவேன், "இப்ப விடு" என்பேன். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது நல்லது. மேலே டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் சொன்ன வரிசையில் போனேன். ஆயில் விஷயத்தில் மூடியில் போட்டிருக்கும் எண்தான் சட்டம். எனக்கு டாட் 4. புதிதாக இருக்கும்போது அது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் உறிஞ்சியபின் அந்த அளவு 155 டிகிரி. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற குணம் அதற்கு உண்டு, எப்போதோ திறந்து வைத்த பாட்டிலை ஊற்றக் கூடாது என்பது அதனால்தான். டாட் 5 என்பது சிலிக்கான், பெயர் அடுத்த எண் மாதிரி இருக்கிறதே என்று டாட் 4-உடன் கலந்துவிடாதீர்கள். பெயின்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

ஞாயிறு இரவு மிதி உயரமாக, கெட்டியாக நின்றது. ஆளில்லாத சமதரையில் மெல்ல உருட்டி நிறுத்திப் பார்த்தேன், வண்டி நேராக நின்றது. அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. செவ்வாய்க்கிழமை மிதி கொஞ்சம் இறங்கியதுபோல் தோன்றியது. ஷூ புதிது, படிந்து வரும் என்று சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை இன்னும் இறங்கியது. வெள்ளிக்கிழமை மாலை மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது இறக்கத்தில் முன்னால் போன வண்டி நின்றது. மிதித்தேன். கால் எங்கும் தடுக்கவில்லை, இறங்கிக்கொண்டே போனது. பதறிப்போய் மறுபடி மிதித்தேன், இரண்டாவது மிதியில் பிடித்தது. முன்வண்டிக்கும் எனக்கும் ஒரு முழம் இடைவெளி. பின்சீட்டிலிருந்து "ஏம்மா இப்படி நிறுத்தின?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. மிதி இறங்கியதை செவ்வாய்க்கிழமையே உணர்ந்தும் மூன்று நாள் ஓட்டியது என் குற்றம், அதற்கு நான் சமாதானம் தேட மாட்டேன். பிரேக்கில் கை வைத்தபின் மிதி ஒரு விரற்கடை மாறினாலும் வண்டி அன்றே நிற்க வேண்டும்.

அன்றிரவு படித்துப் பார்த்ததில் ஒரு தகவல் கண்ணில் பட்டது. ஏர் எடுக்கும்போது மிதியைத் தரை வரை மிதித்தால், மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் வழக்கமாகப் போகாத தூரம் வரை போய், அங்கே படிந்திருக்கும் அழுக்கிலும் துருவிலும் உரசிக் கிழிந்துவிடலாம். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து அத்தனை தூரம் போகாமல் தடுக்க வேண்டுமாம். தகவல் உண்மைதான், பழைய வண்டியில் கட்டை வைத்துத்தான் செய்ய வேண்டும். நாங்கள் வைக்கவில்லை. அதனால் மாஸ்டர் சிலிண்டர்தான் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். சோதித்துப் பார்க்கவில்லை, படித்ததும் எங்கள் தவறும் பொருந்திப்போனது எனக்குப் போதுமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கி, மேசையில் வைத்தே அதற்குள் இருந்த காற்றை எடுத்து, மாட்டி, நான்கு சக்கரத்துக்கும் ஏர் எடுத்தேன். வந்ததுதான் வந்தோம் என்று பின் பிரேக்கையும் பின்தகட்டு ஓட்டை வழியாக அட்ஜஸ்டரைச் சுற்றிக் கொஞ்சம் இறுக்கி விட்டேன். மிதி மேலே வந்துவிட்டது. மாஸ்டர் சிலிண்டர்தான் காரணம் என்று உறுதியாக நம்பினேன். உண்மையில் மிதியை மேலே கொண்டுவந்தது, பேச்சோடு பேச்சாகச் செய்த அந்த இறுக்கம். ஒரே நேரத்தில் இரண்டு காரியத்தைச் செய்துவிட்டால் எது குணப்படுத்தியது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்துக்கு நான் ஒரு மாஸ்டர் சிலிண்டர் விலையைக் கொடுத்தேன்.

அந்த இறுக்கும் வேலையிலேயே இன்னொரு தடயம் இருந்தது. கையேட்டில் சொன்ன திசையில் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைச் சுற்றினால் டிரம் தளர்ந்தது. எதிர்த் திசையில் சுற்றினால்தான் இறுகியது, அதற்கும் உள்ளே இருக்கும் லீவரை இன்னொரு மெல்லிய ஸ்குரூ டிரைவரால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் இப்படியே. அச்சுப் பிழை போலிருக்கிறது என்று கையேட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனேன்.

இந்த முறை தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மிதி மறுபடி இறங்கியது. வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. அழுது முடித்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தபோது அது கையோடு வந்துகொண்டே இருந்தது. விட்டுவிட்டு மறுபடி இழுத்து கிளிக் சத்தத்தை எண்ணினேன். 11. வேலை முடிந்த ஞாயிறன்று 5 இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. அப்போதுதான் உறைத்தது. ஹேண்ட் பிரேக் ஒயரால் இழுபடுவது. அதற்கும் பிரேக் ஆயிலுக்கும், மாஸ்டர் சிலிண்டருக்கும், காற்றுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. மிதியும் இறங்குகிறது, ஹேண்ட் பிரேக்கும் நீள்கிறது என்றால் இரண்டுக்கும் பொதுவான இடம் ஒன்றே ஒன்று: ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. அந்த இடைவெளி நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டிருக்கிறது. புது லைனிங் நான்கு நாளில் அவ்வளவு தேயாது. அப்படியானால் எதுவோ ஒன்று ஷூவை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது.

டிரம்மைக் கழற்றி, தட்டில் தனியாக வைத்து, அட்ஜஸ்டரை எடுத்தேன். இந்த முறை ஒரு பக்கம் மட்டும். அட்ஜஸ்டர் என்பது மரை ஓடும் ஒரு தண்டும் அதில் ஒரு பல்சக்கரமும்தான். லைனிங் தேயத் தேய, பிரேக் மிதிக்கும்போது ஷூ அதிக தூரம் விரியும், அப்போது லீவர் ஒரு பல்லைத் தள்ளும், தண்டு நீளும், இடைவெளி பழைய அளவுக்கு வரும். வலது பக்க லீவரும் இடது பக்க லீவரும் எதிரெதிர்த் திசையில் தள்ளுவதால், ஒரு பக்கத்து அட்ஜஸ்டருக்கு நேர் மரையும் மறுபக்கத்துக்கு எதிர் மரையும் வைத்திருப்பார்கள். நான் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தேன். லீவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்து ஒவ்வொரு பல்லாகத் தள்ள, தண்டு நீளாமல் குறுகிக்கொண்டே போயிருக்கிறது. குறுகக் குறுக இடைவெளி கூடும், இடைவெளி கூடக் கூட லீவர் இன்னும் அடிக்கடி தள்ளும். அதனால்தான் முதல் இரண்டு நாளில் தெரியாதது வெள்ளிக்கிழமைக்குள் அந்த நிலைக்கு வந்தது. ஒயர் பிரஷ்ஷால் இன்னும் கொஞ்சம் தேய்த்தபோது துருவுக்கு அடியில் சின்னதாக ஓர் ஆங்கில எழுத்து பொறித்திருந்தது தெரிந்தது. வலது பக்கத்தில் நான் மாட்டியிருந்ததில் இடதுக்கான எழுத்து.

சரிசெய்ய ஒரு பக்கத்துக்கு 40 நிமிடம் ஆனது. எழுத்து எல்லா அட்ஜஸ்டரிலும் இருக்காது, இருந்தாலும் அழிந்திருக்கலாம். அதை நம்பாமல் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எல்லாவற்றையும் மாட்டியபின், டிரம்மை மூடுவதற்கு முன்னால், லீவர் எந்தத் திசையில் பல்லைத் தள்ளுகிறதோ அதே திசையில் விரலால் பல்சக்கரத்தைச் சுற்றுங்கள். ஷூ இரண்டும் விலக வேண்டும். நெருங்கினால் அட்ஜஸ்டர் பக்கம் மாறியிருக்கிறது. பத்து நொடி வேலை. நான்கு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிதி இறங்கினால் எதை சந்தேகப்படுவது என்பதையும் இப்போது தெரிந்துகொண்டேன். பஞ்சை மிதிப்பதுபோல் அமுங்கி அமுங்கி வந்தால் உள்ளே காற்று. ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போது மிதி மெல்ல மெல்லத் தானாக இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல், அல்லது எங்காவது வெளியே கசிவு. முதல் மிதி ஆழமாகப் போய், உடனே இரண்டு மூன்று முறை மிதித்ததும் உயர்ந்து கெட்டியாக நின்றால் பெரும்பாலும் ஷூ இடைவெளி. காற்று இருந்தாலும் மிதிக்க மிதிக்கக் கொஞ்சம் உயரும், அதனால் இதைத் தனியாக நம்பாமல் ஹேண்ட் பிரேக் கிளிக்கையும் எண்ணிப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து சொன்னால் சந்தேகமே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை என் மிதி இரண்டாவது தடவையில் பிடித்ததே, அதுவே எனக்குக் காரணத்தைச் சொல்லியிருக்கிறது. பயத்தில் எனக்கு அது காதில் விழவில்லை.

ஹேண்ட் பிரேக் ஒயரைத் தொடுவதாக இருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள். ஷூ இடைவெளி சரியாகும் முன் ஒயரை இறுக்கி கிளிக்கைக் குறைத்தால் உள்ளே இருக்கும் கோளாறு மறைந்துவிடும். அட்ஜஸ்டர் சரியான இடத்துக்குப் போனதும் எனக்கு ஒயரைத் தொட வேண்டியே வரவில்லை. வண்டியைக் கிளப்பும் முன் நின்ற இடத்திலேயே மிதியைப் பல முறை மிதித்து உயர வைத்துக்கொண்டேன். சக்கர நட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன், சிறிது தூரம் ஓட்டியபின் மறுபடி சரிபார்த்தேன். பிறகு ஆளில்லாத இடத்தில், ஒரு கை ஹேண்ட் பிரேக்கில் இருக்க, மெதுவான வேகத்திலிருந்து இருபது முப்பது முறை நிறுத்தி நிறுத்தி ஷூவைப் படிய வைத்தேன்.

ஒரு வாரம் மகளை வண்டியில் ஏற்றவில்லை. நான் மட்டும் ஓட்டினேன், தினமும் இரவு ஹேண்ட் பிரேக்கை இழுத்து எண்ணி டேஷ்போர்டில் வைத்திருந்த சீட்டில் எழுதினேன். 5, 5, 5, 5, 5, 5, 5. ஏழாம் நாள் அந்தச் சீட்டை அவளிடம் காட்டி, இந்த எண் மாறினால் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றேன். இப்போதெல்லாம் வண்டியை நிறுத்தும்போது பின்சீட்டிலிருந்து அவள்தான் எண்ணுகிறாள்.